பச்சைப் புள்ளி

— அந்த ஸ்க்ரூவ மூடியில போடுங்கப்பா. கையிலயே வெச்சிருந்தா உருண்டு ஓடிடும். அப்புறம் கட்டிலுக்கு அடியில தவழ வேண்டியது நான்தான்.

— போடறேன், போடறேன். பஸ் சக்கரம் கழட்டி மாட்டினவன் நான். ஒரு நட்டு தொலைச்சது கிடையாது.

— உங்க பஸ் நட்டு என் முட்டி பெருசு இருக்கும். இது எறும்பு. கண்ணாடி எங்க?

— சட்டைப் பையில இருக்கு.

— சட்டைப் பைக்கா பார்வை மங்கல்? மாட்டுங்க. கண்ணாடிக் கடையில வர்றவங்ககிட்ட நாள் பூரா மாட்டுங்க மாட்டுங்கன்னு சொல்லிட்டு வந்தா, பெத்த அப்பாகிட்டயும் அதே பாட்டு.

— நீ போட்டுக் கொடுத்த கண்ணாடிதான் பாப்பா, மூக்குல நிக்க மாட்டேங்குது. சறுக்குது.

— அது மூக்கோட குத்தம். போகும்போது நெருக்கித் தர்றேன். இப்ப டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க. மேல் மூடி வருது.

— மெல்ல, மெல்ல. சின்னவனோட கேம் பெட்டி. வந்து பார்த்தா, யார் தொட்டதுன்னு முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.

— அக்கா தொட்டான்னு சொல்லுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டான். அம்மா தூங்கறாங்களா?

— மாத்திரை போட்டிருக்கா. சாயங்காலம்தான் எழுந்திருப்பா. இப்ப பரவால்ல அவ. சாப்பிடறா, தலை வாரிக்கறா. நடுவுல ஒரு காலம் நெனைச்சுப் பாரு, தட்டை முன்னால வெச்சா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பா. உடம்பு வத்தி, ஆஸ்பத்திரியில கொண்டு போட்டோம். வந்து நாலு நாள்ல தானா எழுந்து தட்டை எடுத்தா. என்ன, ஏதுன்னு நான் வாயே திறக்கல. நல்லா இழுத்துட்டுப் போற எஞ்சினைத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

— ம். சரி, இதுக்கு என்ன ஆச்சு, விவரமா சொல்லுங்க. ஃபோன்ல 'பெட்டி செத்துப் போச்சு'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டீங்க.

— ஓடலன்னுதான் சொன்னேன். நீ சொன்ன வார்த்தைய நான் சொல்ல மாட்டேன்.

— சரி, ஓடல.

— பட்டனை அமுக்கினா ஒரு நிமிஷம் விளக்கு எரியுது, அணைஞ்சிடுது. அதுக்கு முன்னாடி நாலைஞ்சு நாளா விசிறி, பாரம் ஏத்தின லாரி மேடு ஏறற மாதிரி முனகிச்சு.

— சும்மா கிடக்கற பெட்டி எப்படிப்பா முனகும்?

— இந்தா பாரு, டார்ச்சை இப்படிக் காட்டட்டுமா, அப்படியா?

— அப்படியே வெச்சிருங்க. இந்த ஸ்க்ரூ வேற மாதிரி. தலை நட்சத்திரமா இருக்கு.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அடுப்பு எரியலன்னு ஃபோன் பண்ணினப்போ ஒரு மாசம் கழிச்சு வந்த. குழாய் ஒழுகுதுன்னு சொன்னப்போ ஆள் நம்பர் கொடுத்த. இந்தப் பெட்டிக்கு மட்டும் கடைக்கு லீவு போட்டுட்டு, முதலாளியோட ஸ்க்ரூ டிரைவரையும் தூக்கிட்டு, மறுநாளே வந்து நிக்கற.

— முதலாளிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.

— நான் கேட்டது அது இல்லையே.

— அப்பா, ஒண்ணு சொல்றேன். சத்தம் போடக் கூடாது. அம்மா எழுந்துடுவாங்க.

— சொல்லு.

— தம்பி இருக்கான்.

— என்ன சொன்ன?

— அப்பா, வெளிச்சம் ஆடுது. ரெண்டு கையாலயும் பிடிங்க.

— எங்க இருக்கான்?

— எங்கன்னு தெரியாது. இருக்கான். அது மட்டும் தெரியும்.

— யார் பார்த்தது?

— யாரும் பார்க்கல. எங்க வீட்டுலயும் இதே மாதிரி பெட்டி ஒண்ணு இருக்கில்ல? அவன்தான் எனக்கு வாங்க வெச்சான். கல்யாணமாகி நான் அந்தப் பக்கம் போனப்புறம், நான் எங்க வீட்டுலயும் அவன் இந்த ரூம்லயும் உக்காந்து சேர்ந்து ஆடுவோம். அதுல ஒரு பட்டியல் வரும். தெரிஞ்சவங்க பேரெல்லாம் இருக்கும். அவங்க யாராவது உள்ள வந்தா பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி எரியும். போயிட்டா சாம்பல் நிறமாயிடும். அவ்வளவுதான்.

— அதுல அவன் பேர் இருக்கா?

— இருக்கு. தூங்குமூஞ்சி.

— அதையேவா வெச்சிருக்கான்? உங்க அம்மா காலையில போர்வைய இழுக்கும்போது திட்டறது.

— அதையேதான். இங்கிலீஷ் எழுத்துல.

— சரி, அவன் பெட்டி இங்கதானே இருக்கு? அவன் எப்படி வருவான்?

— எந்தப் பெட்டியில வேணும்னாலும் அவன் பேரைப் போட்டு உள்ள வரலாம்ப்பா. சிநேகிதன் ரூமா இருக்கலாம், வேலை பார்க்கற இடமா இருக்கலாம். உலகத்துல எங்கேர்ந்து வேணும்னாலும் வரலாம்.

— வர்றானா?

— அவன் வீட்டை விட்டுப் போய்க் கொஞ்ச நாள் சாம்பலாவே இருந்தது. அடுப்புல ஏதாவது வெச்சிட்டு ஓடி வந்து பார்ப்பேன், திரும்பிப் போவேன். ஒருநாள் சாயங்காலம் பச்சையா எரிஞ்சுது. கையில கரண்டி இருந்தது, கீழ வெக்கக் கூடத் தோணல. அதுக்கப்புறம் அநேகமா தினமும் வந்தான். லைட் போடற நேரம் பார்த்து வருவான். கொஞ்ச நேரம் இருப்பான், போயிடுவான். எரிஞ்சா ஃபோன்லயும் மணி அடிக்கற மாதிரி பண்ணி வெச்சிருக்கேன், கடையில நின்னாலும் தெரியணுமேன்னு.

— நல்லா ஆடறானா?

— ஆடறதே இல்ல. எந்த ஆட்டத்துக்குள்ளயும் போக மாட்டான். வெளியில, முதல் பக்கத்துலயே சும்மா இருப்பான். நானும் இந்தப் பக்கம் சும்மா உக்காந்திருப்பேன். பார்க்குல ஒரே பெஞ்சுல ரெண்டு கோடியில உக்காந்திருக்கற மாதிரி. எனக்கு அதுவே போதும்னு இருந்தது.

— பேச மாட்டானா?

— எவ்வளவோ எழுதினேன். முதல்ல திட்டி எழுதினேன். அப்புறம் கெஞ்சினேன். அப்புறம், இன்னிக்கு மழை, அம்மாவுக்கு முட்டி வலி, உன் கோடு போட்ட சட்டைய எலி கடிச்சிடுச்சு, இப்படி எதையாவது எழுதுவேன். ஒண்ணுக்கும் பதில் கிடையாது. ஆனா எழுதினா எழுந்து போகவும் மாட்டான். அதனால, படிக்கறான்னு நெனைச்சுக்குவேன்.

— எனக்கு ஏன் சொல்லல பாப்பா?

— ஜன்னல்ல குருவி வந்து உக்காந்தா ஆளைக் கூப்பிடுவோமா? மூச்சே விட மாட்டோம். உங்ககிட்ட சொன்னா நீங்க விசாரிக்கறேன்னு கிளம்புவீங்க. அவன் மிரண்டு அதையும் நிறுத்திடுவான். அம்மாகிட்ட மட்டும் சொன்னேன், ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு.

— அதான் தட்டை எடுத்தாளா. கள்ளி. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, என்கிட்ட மூச்சு விடல பாரு.

— சொல்லிட்டா பலிக்காமப் போயிடும்னு பயம் அவங்களுக்கு.

— சாப்பிடறானா, எங்க படுக்கறான், ஒண்ணுமே தெரியாதா அதுல?

— புள்ளிதான்ப்பா. புள்ளியில வேற ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு. அம்மா ஆஸ்பத்திரியில இருந்த நாள்ல மட்டும் அவன் வரவே இல்ல. ஒருநாள் கூட இல்ல. அம்மா வீட்டுக்கு வந்த அன்னிக்கு சாயங்காலமே வந்துட்டான். எங்கயோ எப்படியோ அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அங்க உக்காந்து தவிச்சிருக்கான்னு எனக்குத் தோணிச்சு.

— தெரியாமப் போகுமா? அவ வயித்துல கிடந்தவன் இல்லையா.

— அதைத்தான் அம்மாகிட்டயும் சொன்னேன்.

— இரு, இரு. அப்படின்னா அந்த ஃபோன்.

— எந்த ஃபோன்?

— ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர், போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வந்ததே. உயரம் சொன்னான், சட்டை சொன்னான், வயசு சொன்னான். ஒருத்தரைக் காட்டணும், வீட்டு ஆளுங்க வந்து பாருங்கன்னான். காலையில முதல் பஸ்ஸுல ரெண்டு பேருமா போலாம்னு பேசி வெச்சோம். நான் குளிச்சுட்டு சட்டை மாட்டிட்டு நிக்கறேன், நீ ஃபோன் போட்டு, போக வேண்டாம், அது அவன் இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொன்ன. எப்படின்னு நான் கேக்கல. கேக்கப் பிடிக்கல. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டேன்.

— முதல்நாள் சாயங்காலம் அவன் வந்திருந்தான்ப்பா. மத்த நாள் மாதிரி கொஞ்ச நேரம் இல்ல. ராத்திரி பூரா இருந்தான். நான் புள்ளியப் பார்த்துட்டே தரையில தூங்கிட்டேன், முழிச்சுப் பார்த்தா அப்பவும் எரியுது. பிணவறையில கிடக்கறவன் எப்படிப்பா உள்ள வருவான்? அந்த ஸ்டேஷன்காரர்கிட்டயும் நானே பேசினேன். எங்க ஆள் உயிரோட இருக்கார், எங்களுக்கு இனிமே இப்படி ஃபோன் பண்ணாதீங்கன்னேன்.

— அவர் என்ன சொன்னாரு?

— நல்லதும்மான்னாரு. யாரும் வரலன்னா அவங்களே அடக்கம் பண்ணிடுவாங்களாம்.

— பாவம். யார் பெத்த பிள்ளையோ.

— ம்.

— நம்ம பிள்ளை இல்ல. எனக்குக் கொஞ்சம் தண்ணி கொடு. இல்ல, நீ வேலையப் பாரு, நானே குடிச்சுக்கறேன். நெஞ்சுல உக்காந்திருந்தது இறங்கிடுச்சு பாப்பா. இறங்கினதே இப்பதான் தெரியுது.

— முழுசாக் கேளுங்க. போன வாரத்துலேர்ந்து அவன் வரல.

— வரலன்னா?

— சாம்பலாவே இருக்கு. காய்ச்சலா, ஊர் மாறிட்டானா, என்னன்னு தெரியல. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அப்பதான் நீங்க ஃபோன் பண்ணி, பெட்டி ஓடலன்னீங்க. உடனே தோணிச்சு. இதுல அவன் கணக்கு திறந்தபடியேதான் இருக்கும், போட்டதும் அவன் பேர்லயே உள்ள போகும். இது ஓடிச்சுன்னா, அவன் கடைசியா எந்த ஊர்லேர்ந்து உள்ள வந்தான்னு பார்த்துடலாம்.

— ஊர் பேரே வருமா?

— வரும்.

— அடிப்பாவி, இதை முதல்ல சொல்ல வேண்டாமா? ஸ்க்ரூவுக்கும் கண்ணாடிக்கும் கதை பேசிட்டு இருந்தோமே. எங்க பிடிக்கணும் சொல்லு.

— இந்தத் தகட்டைத் தூக்கிப் பிடிங்க. விசிறி இதுக்குக் கீழதான் இருக்கும். வந்ததும் ஃபோன்ல பார்த்தோமே, அந்த வீடியோவுல காட்டினாங்க. மெல்ல… வந்துடுச்சு. ஐயோ.

— என்ன?

— இறக்கைய பாருங்க. எதையோ சுத்தி வெச்சிருக்கு. நூல். நீல நூல்.

— நூலா?

— துண்டு நூல்ப்பா. யார் இது மேல துண்டு போட்டது?

— தூசி போகக் கூடாதுன்னு நான்தான் மூடி வெச்சேன். சுத்தமான துண்டுதான்.

— மூச்சு விடற ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கீங்க. சரி, மூடினீங்க. ஆனா ஓடாத விசிறி நூலை இழுத்துச் சுத்தாதே. இந்தச் சில்லு மேல பாருங்க, சூட்டை இழுக்கற பசை காஞ்ச சேறு மாதிரி வெடிச்சிருக்கு. சூட்டுல வெந்து போயிருக்கு. இது ஓடியிருக்கு. நிறைய ஓடியிருக்கு.

— இப்ப நீ சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல, சொல்லுங்க.

— டிப்போவுல ஓடாம நிக்கற பஸ்ஸை அப்படியே விட மாட்டோம். தினமும் ஒருத்தன் ஏறி ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் உறும விட்டு, அணைச்சுட்டு இறங்குவான். இல்லன்னா பேட்டரி படுத்துடும், உள்ள எலி குடும்பம் நடத்தும். இதுவும் ஒரு வண்டிதானே? சின்னவன் வந்து பட்டனை அமுக்கும்போது ஓடணும் இல்ல. அதான், தினமும் ஒரு தடவை போட்டு அணைப்பேன்.

— தினமும்.

— உங்க அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போவா பாரு, அந்த நேரம் பார்த்து. அவளுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். இந்தப் பெட்டியத் தெருவுல வீசுவேன்னு குதிச்சவன் நானாச்சே.

— சாயங்காலம்.

— சாயங்காலம்தான். நெட்டைக் கூட நிறுத்தல. வந்ததும் கேப்பான்னு.

— எப்பலேர்ந்துப்பா?

— அவன் போய்க் கொஞ்ச நாள் இந்த ரூம் பக்கமே வரல நான். அப்புறம் ஒருநாள் வந்து உக்காந்தேன். அன்னிலேர்ந்துதான்.

— டி.வி.யும் போடுவீங்களா?

— பின்ன? நீலமா அலை மாதிரி ஒண்ணு ஓடும். கூடவே ஒரு பாட்டு, குழந்தையத் தூங்க வெக்கற மாதிரி மெல்லிசா வரும். எதையும் தொட மாட்டேன், பார்த்துட்டு உக்காந்திருப்பேன். சில நாள் டிங்குன்னு ஒரு சத்தம் கேக்கும். மூலையில கட்டம் கட்டி இங்கிலீஷ்ல ஏதோ வரும். கண்ணாடிய எடுத்து மாட்டறதுக்குள்ள போயிடும். பெட்டிக்குப் பொழுது போகாம என்னைக் கூப்பிடுதுன்னு நெனைச்சுக்குவேன்.

— அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ?

— அப்ப எங்க போடறது? ராத்திரி பகல்னு அந்த வராந்தாவுலதானே கிடந்தேன். வீட்டுக்கு வந்த அன்னிக்குத்தான் போட்டேன், பாவம் காத்துட்டு இருக்குமேன்னு. ஏன் இதெல்லாம் கேக்கற?

— சும்மா.

— பசை துடைக்கற ஸ்பிரிட் பஞ்சைக் கீழ போட்டுட்ட.

— எடுத்துக்கறேன். அப்பா… அந்த ஸ்டேஷன் ஃபோன் வந்த அன்னிக்கு போட்டீங்களா?

— அன்னிக்கு அணைக்கவே மனசு வரல பாப்பா. உங்க அம்மா உள்ள ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமையில கிடக்கறா, காலையில நான் அந்த ஊருக்குப் போகணும். வீட்டுல இது ஒண்ணுதான் ஓடிட்டு இருந்தது. ஓடட்டும்னு விட்டுட்டேன். விடிஞ்சப்புறம்தான் அணைச்சேன். என்னம்மா? முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? நான்தான் கெடுத்துட்டேனா பெட்டிய?

— இல்ல. ஸ்பிரிட் வாசனை. தலைக்கு ஏறிடுச்சு.

— ஜன்னலைத் திறக்கறேன். துண்டு போட்டது தப்புதான். இனிமே போட மாட்டேன். ஆகிற மாதிரி இருக்கா, இல்லையா?

— ஆகும். பழைய பசைய சுரண்டிட்டு, நான் வாங்கிட்டு வந்த புதுசை வெச்சா ஆகிடும்.

— அப்ப வெய்யி.

— வெக்கறேன்.

— எவ்வளவு வெக்கணும்? நிறைய வெய்யேன்.

— பட்டாணி அளவு போதும். நிறைய வெச்சா வழியும்.

— நகரு பாப்பா. கொடு, விசிறிய நான் மாட்டறேன். இந்த ஓட்டைக்கு இந்த ஸ்க்ரூதானே? பார்த்தியா, ஒண்ணு கூடத் தொலைக்கல. ஆமா, நீ அவனுக்கு எழுதறியே, அதுல நான் சொல்றதையும் எழுதலாமா?

— என்ன எழுதணும்?

— அப்பா இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு எழுது. இல்ல, வேண்டாம். அதை எழுதினா, சொன்னதெல்லாம் ஞாபகம் வரும். பெட்டி ரெடின்னு மட்டும் எழுது. அது போதும், புரிஞ்சுக்குவான்.

— சரிப்பா.

— எழுதிட்டியா?

— அப்புறம் எழுதறேன்.

— மூடி உக்காந்துடுச்சு. வயர் எங்க? இதுதானே.

— இன்னிக்குப் போட வேண்டாம்ப்பா.

— ஏன்?

— பசை ஆறணும். ராத்திரி பூரா ஆறட்டும். நாளைக்குப் பார்க்கலாம்.

— ஆறவெல்லாம் வேண்டாம், உடனே போடலாம்னு அந்த வீடியோவுலயே சொன்னானே. நானும்தானே கேட்டேன்.

— அப்ப நெட்டையாவது அணைச்சுட்டு வர்றேன், இருங்க.

— நெட்டை அணைச்சா ஊர் பேர் எப்படி வரும்? உனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு? உக்காரு. நீ விடிஞ்சதுலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்ட.

— அப்பா, நான் உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் புள்ளி இருக்கே…

— ஊர் பேரைப் பார்த்துட்டுப் பேசுவோம். இன்னிக்கே கிளம்பணும்னாலும் கிளம்பிடுவேன் நான். அந்தச் சட்டை ஆணியிலயேதான் இருக்கு.

— அமுக்காதீங்கப்பா.

— அமுக்கிட்டேன். இந்தா பாரு, விளக்கு எரியுது. அணையல. முனகல் இல்ல, ஒண்ணும் இல்ல, பூனை மாதிரி ஓடுது. டி.வி.யப் போடு… நானே போடறேன். வந்துடுச்சு. கெட்டிக்காரி நீ. பாட்டு கேக்குதா? இதைத்தான் சொன்னேன்.

— அப்பா, நிறுத்துங்க. ஒரு நிமிஷம் அணைங்க.

— யாரது, எழுந்துட்டியா? மெல்ல வா, சுவத்தைப் பிடிச்சுக்க. வந்து இப்படி உக்காரு. எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, உன் பொண்ணு சொல்லிட்டா. அழாத, உன் மேல கோபம் இல்ல. நல்லதைத்தானே மறைச்ச. பாப்பா, உன் பையில ஃபோன் மணி அடிக்குது. எடு. ஏன் என்னையே பார்க்கற? அவன்தான், எனக்குத் தெரியும், வந்துட்டான். அதுல பேரைப் படிம்மா. உங்க அம்மா வாயைப் பார்த்துட்டு உக்காந்திருக்கா, அவளுக்கும் கேக்கணும், கொஞ்சம் சத்தமாவே படி.